பழைய ஸ்டேட்டஸும் ஒரு லெட்டரும்

(நமது டிரஸ்ட் நடத்திய இளைஞர் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



பெரியோர்களே, தாய்மார்களே, பாய் காலியாக இருந்தும் சுவரோரமாகவே நிற்கும் தம்பிகளே! கிரிக்கெட்டைப் பற்றிப் பேச்சு என்றதும்தான் இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள். கல்வி உதவித்தொகைக் கூட்டத்துக்கு இதில் பாதிப் பேர்கூட வரவில்லை. பரவாயில்லை, வந்தவரைக்கும் சந்தோஷம்.

சென்ற மாதம் ஒரு தாயார் நம் அலுவலகத்துக்கு வந்தார். அவர் மகனுக்கு 19 வயது. சென்னை லீக்கில் ஆடும் ஒரு கிளப்பில் வேகப்பந்து வீசுகிறவன். மூன்று வருடத்துக்கு முன் ஒரு டென்னிஸ் பந்து டோர்னமென்ட்டில் தோற்ற ஆத்திரத்தில், எதிரணிப் பிள்ளைகளின் சாதியையும் அவர்கள் கும்பிடும் சாமியையும் இழுத்து மிகக் கேவலமாக வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வைத்திருக்கிறான். 24 மணி நேரத்தில் ஸ்டேட்டஸ் மறைந்துவிட்டது. யாரோ எடுத்து வைத்த ஸ்கிரீன்ஷாட் மறையவில்லை. இப்போது அது கிளப்பின் கைக்குப் போய், "இனி நெட்ஸுக்கு வர வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்கள். "பையன் நல்லவன்னு டிரஸ்ட் லெட்டர்பேடுல ஒரு லெட்டர் குடுங்க பாய்" என்று அந்தத் தாயார் கேட்டார்.

அவர் சம்மதத்தோடுதான் இதைச் சொல்கிறோம். பெயர் கேட்காதீர்கள்.

நிர்வாகக் குழு உட்கார்ந்தது. "வெவரம் தெரியாத வயசு, கொடுத்துவிடலாம்" என்றார்கள் பாதிப் பேர். அப்போது எங்களில் ஒருவர் 2021-ஐ நினைவுபடுத்தினார். அறையில் சத்தம் அடங்கிவிட்டது.

2021 ஜூன் 2 அன்று லார்ட்ஸ் மைதானத்தில் நியூசிலாந்துக்கு எதிராக இங்கிலாந்துக்கு முதல் டெஸ்ட் ஆட இறங்கினார் ஒல்லி ராபின்சன். அவர் பந்து வீசிக்கொண்டிருந்த அதே நாளில், பல வருடங்களுக்கு முன் அவர் போட்ட ட்விட்டர் பதிவுகளை யாரோ தோண்டி வெளியே போட்டார்கள். முஸ்லிம்களைப் பயங்கரவாதத்தோடு சேர்த்துப் பேசியவை, பெண்களை இழிவு செய்தவை. அன்று மாலையே மன்னிப்புக் கேட்டார். அந்த மேட்சில் ஏழு விக்கெட் எடுத்தார். ஆனாலும் மேட்ச் முடிந்ததும் சர்வதேச ஆட்டத்திலிருந்து நிறுத்தி வைத்தார்கள். பிறகு விசாரணை நடந்து, எட்டு ஆட்டத் தடையும் 3,200 பவுண்ட் அபராதமும் விதித்தார்கள். எட்டில் ஐந்தை நிறுத்தி வைத்த தண்டனையாக்கியதால், ஆகஸ்டில் இந்தியாவுக்கு எதிராகவே திரும்ப வந்து ஆடினார்.

அந்தச் செய்தி நம் குரூப்பில் எத்தனை தடவை வந்தது! "சரியான அடி" என்று எழுதியவர்களில் நாங்களும் உண்டு. அந்தப் பதிவுகளை எழுதத் தொடங்கியபோது அவருக்கு வயது 18. வெவரம் தெரியாத வயசு என்று நம்மில் யாரும் சொல்லவில்லை.

அதே வருடம் நவம்பரில் நடந்ததை நாம் அவ்வளவாக ஃபார்வர்டு செய்யவில்லை. அஸீம் ரஃபீக், கராச்சியில் பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்து, யார்க்ஷயர் அணிக்குக் கேப்டனாகவும் இருந்தவர். நவம்பர் 16 அன்று பிரிட்டிஷ் பாராளுமன்றக் குழு முன் உட்கார்ந்து, அந்தக் கிளப்பில் தான் பட்ட இனவெறி அவமானங்களை அழுதபடி சொன்னார். உள்ளூர் கிளப்பில் 15 வயதில் தன்னைப் பிடித்து அழுத்தி வாயில் மது ஊற்றியதையும் சொன்னார். உலகமே அவர் பக்கம் நின்றது. இரண்டே நாளில் இன்னொரு செய்தி வந்தது. 2011-இல் அவரே ஃபேஸ்புக்கில் யூதர்களை இழிவுபடுத்தி எழுதியிருந்தார்.

அவர் என்ன செய்தார் என்பதைக் கவனியுங்கள். அக்கவுண்ட்டை யாரோ ஹேக் செய்துவிட்டார்கள் என்று சொல்லவில்லை. எழுதியது நான்தான், சாக்குச் சொல்ல எதுவும் இல்லை என்று ஒப்புக்கொண்டார். யூதப் படுகொலையிலிருந்து உயிர் தப்பிய ஒரு மூதாட்டியை நேரில் சந்தித்தார். 2022-இல் கிரிக்கெட் ஒழுங்குக் குழு அவரையும் கண்டித்தது. அவர் குற்றம் சாட்டிய அதே யார்க்ஷயரின் முன்னாள் கோச் ஆண்ட்ரூ கேலும் அதே மாதிரியான ஒரு பழைய பதிவுக்காகக் கண்டிக்கப்பட்டார். ரஃபீக் அதை எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. இதனால் அவர் பட்ட கொடுமை பொய்யாகிவிடாது. அடி வாங்கியவன் கையாலும் அடி விழுந்திருக்கிறது, அவ்வளவுதான்.

பட்டப்பெயர் வைத்துக் கேலி செய்யக் கூடாது என்பதை சூரா ஹுஜுராத்தில் நம் பிள்ளைகள் மக்தபிலேயே ஓதிவிடுகிறார்கள். ஃபோன் கைக்கு வந்ததும் அது எங்கே போகிறது என்று தெரியவில்லை.

கடைசியில் அந்தத் தாயாரிடம், லெட்டர் தருகிறோம், ஆனால் "நல்ல பையன்" என்று மட்டும் எழுத மாட்டோம் என்றோம். முதலில் மகன் அந்தப் பிள்ளைகளின் வீட்டுக்குப் போகட்டும் என்றோம். அவர் முகம் வாடிவிட்டது. ஆனால் பையன் போனான். எங்களில் ஒருவரும் கூடப் போனார். ஒரு வீட்டில் உட்கார வைத்து டீ கொடுத்தார்கள். இன்னொரு வீட்டில் கதவைத் திறக்கவில்லை. திறக்க வேண்டும் என்ற கட்டாயமும் அவர்களுக்கு இல்லை. அதன் பிறகு எழுதினோம்: இவன் இதை எழுதினான், அது தவறு, அப்போது வயது 16, நேரில் போய் மன்னிப்புக் கேட்டிருக்கிறான், முடிவு உங்களுடையது. கிளப்பிலிருந்து இன்னும் பதில் வரவில்லை.

இதைக் கேட்டுவிட்டு ஒரு தம்பி, "அப்போ நம்ம ஆளுங்க வாயே திறக்கக் கூடாதா?" என்றார். நியாயமான கேள்வி. ஜெர்மனியில் மைன்ஸ் கால்பந்து கிளப்பில் ஆடிய அன்வர் அல் காஸி, காஸா பற்றிப் பதிவு போட்டதற்காக 2023 நவம்பரில் ஒப்பந்தத்தை இழந்தார். கோர்ட்டுக்குப் போனார். நீக்கியது செல்லாது என்று 2024 ஜூலையில் தீர்ப்பு வந்தது. கிடைத்த பணத்தில் 5 லட்சம் யூரோவைக் காஸா குழந்தைகளுக்குக் கொடுப்பதாக அறிவித்தார். அநியாயத்தைப் பற்றிப் பேசுவது வேறு, எதிரே நிற்கிறவனின் பிறப்பை ஏசுவது வேறு. முதலாவதற்கும் விலை உண்டு. ஆனால் அதைத் தலை நிமிர்ந்து கொடுக்கலாம்.

எப்போதும் கோட்டைத் தெளிவாகப் போட முடியாது என்பதும் உண்மை. 2020 ஜூனில் கல்வானில் நம் ராணுவ வீரர்கள் 20 பேர் இறந்தபோது, சவப்பெட்டிகளையும் பிஎம் கேர்ஸ் நிதியையும் சேர்த்து ஒரே ஒரு வரி ட்விட்டரில் கிண்டலாக எழுதினார் நம் சென்னை சூப்பர் கிங்ஸ் அணியின் டாக்டர். அணியின் முதல் ஆட்டத்திலிருந்தே கூட இருந்த மனிதர் என்று யாரும் தயங்கவில்லை, உடனே சஸ்பெண்ட். அவர் கேட்க வந்தது அரசாங்கத்தைத்தான் என்பார் சிலர். துக்க வீட்டில் போய்க் கேட்ட மாதிரி ஆகிவிட்டது.

தம்பிகள் இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். 66ஏ சட்டப்பிரிவை 2015-இலேயே சுப்ரீம் கோர்ட் ரத்து செய்துவிட்டது, இனி என்ன எழுதினாலும் கேஸ் இல்லை என்று சிலர் நினைக்கிறீர்கள். மதம், சாதியின் பெயரால் பகைமூட்டுவது இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 196-ஆவது பிரிவில் வருகிறது. மூன்று வருடம் வரை சிறை உண்டு.

வருகிற ஞாயிறு மஃரிபுக்குப் பிறகு டிரஸ்ட் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் சொல்லித்தரும் தம்பி இருப்பார். ஃபேஸ்புக்கில் ஆக்டிவிட்டி லாக் என்று ஒன்று இருக்கிறது. எந்த வருடம் என்ன எழுதினோம் என்று அதில் பார்க்கலாம். ஃபோனோடு வாருங்கள். பெரியவர்களும் வரலாம். எங்கள் குழுவில் இரண்டு பேர் ஏற்கனவே திறந்து பார்த்துவிட்டு, வெளியே சொல்லாமல் சிலதை அழித்திருக்கிறார்கள்.