நீலமும் நஞ்சும்

கோடை கழிந்து மழை பெய்ததும் ஜேர்மனி தேசத்துக் காடுகளிலே கூடையேந்திய மாந்தரைக் காணலாம். ஸ்புரூஸ், பீச் மரங்களின் அடியில் ஈரச் சருகை விலக்கி அவர்கள் தேடுவது ‘ஸ்டைன்பில்ஸ்’, அதாவது கற்காளான். இத்தாலியர் இதனைப் ‘போர்சினி’ என்பர். விலை உயர்ந்தது, சுவை அதனினும் உயர்ந்தது என்பது உண்டவர் கூற்று.

இதனை இனங்காண்பது எங்ஙனம் என நேயர்கள் வினவலாம். முதலிற் குடையைக் கவிழ்த்துப் பார்த்தல் வேண்டும். பல காளான்களின் குடைக்குக் கீழே புத்தக ஏடுகள் போன்ற மெல்லிய தகடுகள் உண்டு. கற்காளான் சேர்ந்த பொலீற்றசுக் குடும்பத்திலோ, கடற்பஞ்சு போல நெருங்கிய நுண்துளைகளே உண்டு. கற்காளானின் துளைகள் இளமையில் வெண்மையாயிருந்து, மஞ்சளாகி, ஒலிவப் பச்சையாய் முதிரும். பருத்த தண்டின் மேற்பகுதியில் வெண்ணூலாற் பின்னியது போன்ற வலை காணப்படும். வெட்டினாலும் சதை வெள்ளையாகவே இருக்கும்.

இக்குடும்பத்தின் வேறு சிலவற்றை வெட்டியதும் சதை கண்ணெதிரே நீலம் பாரிக்கும். அரவு தீண்டிய உடலையும் ஆலமுண்ட பெருமானின் கண்டத்தையும் நினைக்கும் தமிழருள்ளம் நடுங்குதல் இயல்பே. ஐரோப்பியரிலும் நீலத்தை நஞ்சென நம்புவோர் உளர். உண்மையில், சதையிலுள்ள சாயப்பொருள் காற்றின் ஒட்சிசனோடு கூடி நிறம் மாறுகின்றது, அவ்வளவே. துளைகளைத் தொட்டவிடம் நீலமாகும் கபிலநிறக் காளானொன்றை மத்திய ஐரோப்பியர் விரும்பிச் சமைத்துண்கின்றனர்.

1831 ஆம் ஆண்டில் ஜேர்மானிய அறிஞர் லென்ஸ் ‘சாத்தான்’ எனப் பெயரிட்ட காளானும் நீலம் பாரிப்பதே. அதன் குடை வெளிறியது. துளைகள் குருதிச் சிவப்பு. உண்டவர் ஓயாது வாந்தியெடுப்பர். ஆகவே பழகாதவர் அஞ்சவேண்டியது சிவந்த துளைக்கே.

கற்காளானை அச்சொட்டாய் ஒத்த இன்னொன்றும் உண்டு. அதன் துளைகள் முதிருங்கால் இளஞ்சிவப்பாகும். தண்டின் வலை கருங்கபிலம். உயிருக்குத் தீங்கில்லை, ஆயின் வேப்பங்காய் தோற்கும் கசப்பு. ஒன்று கலந்தாற் சட்டி முழுவதும் வீண்.

எல்லாவற்றினும் கொடியது ‘மரணக் குடை’. பொலீற்றசுக் குடும்பத்ததன்று, தகடுடையது. எத்துணை முறை வெட்டினும் நீலம் பாரியாது. ஈரலைச் சிதைக்கும் அதன் நஞ்சு சமைத்தாலும் அழியாது. உண்டு ஆறு மணித்தியாலங்களுக்குப் பின்னரே பெரும்பாலும் வருத்தம் தொடங்கும். அதனைக் காட்டிக்கொடுக்கும் அடையாளங்களுள் ஒன்று, தண்டின் அடியைச் சூழ்ந்த வெண்பை. அதனாலேதான் பழகியவர், ஐயத்துக்குரிய காளானை அடியோடு அகழ்ந்தெடுத்துப் பார்க்கின்றனர். தண்டை மேலே அரிந்தவனுக்கு அந்தப் பை மண்ணுள்ளே தங்கிவிடும்.