சக்கரம் சுற்றுகிறது, கார் ஏன் நகரவில்லை?

மழை விட்ட நேரம். தோட்டத்துச் செம்மண் பாதையிலிருந்து ஒரு கார் பெருஞ்சாலைக்கு ஏற வேண்டும். வலப்பக்கம் தூரத்தில் ஒரு லாரி வருகிறது. அதற்குள் ஏறிவிடலாம் என்று ஓட்டுபவர் ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதிக்கிறார். இயந்திரம் உறுமுகிறது, முன் சக்கரங்கள் வேகமாகச் சுற்றுகின்றன, காரோ பாதி சாலையில் நின்றுவிடுகிறது. பின் இருக்கையில் பிள்ளைகள் இருக்கிறார்கள். என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

"கார் பழசு, அப்படித்தான் இருக்கும்" என்று இதைத் தள்ளிவிடக் கூடாது. இதற்குக் காரணம் உண்டு. நாமே அதைக் கண்டுபிடிக்கலாம். பல வேளைகளில் சிறு செலவிலேயே தீர்த்தும் விடலாம்.

ஒரு டயர் தரையைத் தொடும் இடம் ஏறக்குறைய நம் உள்ளங்கை அளவுதான். அந்த உள்ளங்கை தரையைப் பிடித்துத் தள்ளினால்தான் கார் நகரும். இந்தப் பிடிப்புக்கு உராய்வு என்று பெயர். பள்ளியில் நாங்கள் நடத்தும் பாடந்தான்; உங்கள் வீட்டுப் பிள்ளையைக் கேட்டால் சொல்லும். ஈரமான மேட்டில் பால்மரம் வெட்டப் போகிறவர் அடிமேல் அடி வைத்து ஏறுகிறார். ஓடினால் கால் வழுக்கும். தரை தாங்குவதைவிடக் கால் பலமாக உதைத்துவிடுகிறது. காரும் அப்படியே.

முன்னாளில் ஓடிய மோரிஸ் மைனர் போன்ற கார்களைப் பின் சக்கரங்கள் தள்ளின. 1985-ல் வந்த புரோட்டோன் சாகாவையும், 1994-ல் வந்த பெரொடுவா கஞ்சிலையும் முன் சக்கரங்களே இழுக்கின்றன. வேகம் கூட்டும்போதும் மேடு ஏறும்போதும் காரின் பாரம் பின்னுக்குச் சாய்கிறது. முன் சக்கரத்தின் மேல் பாரம் குறைய, பிடிப்பும் குறைகிறது. பின் பெட்டியில் மூட்டைகளை அடுக்கினால் இன்னும் மோசம்.

இனி, நோயை எப்படிக் கண்டுபிடிப்பது? இயந்திரம் உறுமியும் கார் நகராததற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். சக்கரம் வழுக்கலாம், அல்லது கிளட்ச் வழுக்கலாம். ஒருவர் பக்கவாட்டில் எட்ட நின்று பார்க்கட்டும். சக்கரம் சுற்றினால் குறை டயரிலோ தரையிலோ இருக்கிறது. சக்கரம் சுற்றாமல் இயந்திரம் மட்டும் இரைந்து, கருகல் வாடையும் வந்தால் கிளட்சைச் சந்தேகிக்க வேண்டும். சமதரையில், எதிரே ஆளில்லாத இடத்தில், கைப்பிரேக்கை இழுத்து, காற்பிரேக்கையும் மிதித்துக்கொண்டு, மூன்றாம் கியரில் கிளட்சை மெல்ல விடுங்கள். இயந்திரம் திணறி நின்றால் கிளட்ச் நலம். நிற்காமல் ஓடினால் பட்டறைக்குப் போக வேண்டியதுதான். கியர் தானாக மாறும் காராக இருந்தால் இந்தச் சோதனை வேண்டாம், பட்டறையில் காட்டுங்கள்.

குறை சக்கரத்தில் என்று தெரிந்தால் முதலில் டயரின் பள்ளங்களைப் பாருங்கள். தண்ணீரையும் சேற்றையும் வெளியேற்றுவது அவைதாம். பள்ளத்துக்குள் குறுக்கே 1.6 மில்லிமீட்டர் உயரத்தில் ஒரு சிறு மேடு இருக்கும். டயர் அந்த மேட்டுக்குச் சமமாகத் தேய்ந்துவிட்டால் மாற்றியே ஆக வேண்டும்.

அடுத்து, டயரின் வயது. ரப்பரின் குணம் நமக்குத் தெரியாததல்ல. வெயிலும் வருடமும் பட்டால் அது இறுகி வெடிக்கும். இறுகிய ரப்பர் தரையைப் பிடிக்காது. டயரின் பக்கத்தில் நான்கு இலக்கங்கள் அச்சாகியிருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது. பழைய டயரை மலிவாக வாங்குகிறவர்கள் இதைப் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது.

பிறகு காற்று. எவ்வளவு வேண்டும் என்பது பெரும்பாலும் ஓட்டுநர் கதவோரத் தகட்டில் எழுதியிருக்கும். ஓடிச் சூடேறுமுன் அளக்க வேண்டும். காற்று மிகுந்தால் டயர் நடுவில் மட்டும் தரையைத் தொடும்.

செம்மண் பாதையில் கார் குதித்துக் குதித்து ஓடினால் அப்சோர்பரையும் பாருங்கள். காரின் ஒரு மூலையை அழுத்தி விடுங்கள். ஒருமுறை எழுந்து அடங்க வேண்டும். மீண்டும் மீண்டும் ஆடினால் அது ஓய்ந்துவிட்டது. துள்ளும் சக்கரத்துக்குத் தரைப்பிடிப்பு ஏது?

இரண்டு டயர் வாங்கத்தான் வசதி என்றால், புதியவற்றைப் பின்னால் போட்டு, பின்னாலிருந்த நல்ல டயர்களை முன்னால் கொண்டுவாருங்கள். ஈரச் சாலையில் பின்பக்கம் வழுக்கிச் சுழல்வது மிக ஆபத்தானது.

ஓட்டும் முறையும் முக்கியம். ஈரத்தில் இரண்டாம் கியரில் மெதுவாகப் புறப்படுங்கள். சக்கரம் வழுக்கியதும் காலைத் தளர்த்துங்கள். இன்னும் மிதிப்பது குழியைத்தான் ஆழமாக்கும். ஒரு சக்கரம் சேற்றிலும் மற்றது கெட்டித் தரையிலும் இருந்தால்கூட, சேற்றிலுள்ளதே வீணாகச் சுற்றும். சேற்றை வழித்துவிட்டுச் செம்பனை ஓலையை அடியில் இடுங்கள். மட்டையின் முள் பகுதியை நறுக்கிவிடுங்கள். சக்கரம் அதை வீசியெறியலாம். ஆகவே முன்னும் பின்னும் யாரும் நிற்கக் கூடாது. ஆலைக்குப் போகும் லாரிகளிலிருந்து உதிர்ந்து நசுங்கிய செம்பனைப் பழமும் சாலையை எண்ணெயாக்கும். அங்கே வேகம் கூட்டாதீர்கள்.

புதிய கார்கள் பலவற்றில் வழுக்கலைத் தடுக்கும் கருவி உண்டு. அதன் விளக்கு மினுக்கினால் கருவி வேலை செய்கிறது, தரை வழுக்குகிறது என்று பொருள். அணையாமல் எரிந்தால் பழுதாக இருக்கலாம், பட்டறையில் காட்டுங்கள். அந்தக் கருவியும் தேய்ந்த டயருக்குப் பிடிப்பைக் கொடுக்காது.

நேயர்களே, பள்ளத்தையும் காற்றையும் பார்க்கப் பத்து நிமிடம் போதும். சம்பள நாளன்று மாதம் ஒருமுறை, பிள்ளைகளையும் உடன் வைத்துக்கொண்டு பாருங்கள். பெருஞ்சாலையில் ஏறும்போதோ, லாரி நம்மைக் கடந்து போகும் வரை பொறுத்திருந்தே ஏறுவோம்.