மறதியைப் போனிடம் விடுங்கள்

(திருப்பாலைவனத்தில் நடந்த குடும்பக் கூட்டத்தில் நமது அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)





ஒரு தவறை ஒப்புக்கொண்டு பேச்சைத் தொடங்குகிறேன். சில மாதங்களுக்கு முன் ஒரு ஜும்ஆ நாள். பள்ளிக்குள் நுழையும்போது போனை சைலண்டில் போட்டேன். தொழுது, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, அஸர் பாங்கு கேட்டபோதுதான் எடுத்துப் பார்த்தேன். ஒரே எண்ணிலிருந்து ஒன்பது அழைப்புகள். ஒரு சகோதரி, பிரசவ வலியில் இருந்த மகளுக்கு வண்டி கேட்டிருக்கிறார். அக்கம்பக்கத்தார் ஆட்டோவில் பொன்னேரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அல்ஹம்துலில்லாஹ், தாயும் பிள்ளையும் நலம். ஆனால் அறக்கட்டளையின் எண் ஓர் அமானிதம். அன்று நான் அதைப் பேணவில்லை.

என் மகன்தான் சொன்னான்: "அத்தா, நினைவு வைக்கிற வேலையைப் போனிடம் விட்டுவிடுங்களேன்." அவன் காட்டித் தந்ததைத்தான் உங்களுக்குச் சொல்கிறேன்.

முதலாவது, ஜும்ஆ நேரம். செட்டிங்ஸில் 'டு நாட் டிஸ்டர்ப்' என்று இருக்கும். அதில் வெள்ளிக்கிழமை, இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை என்று குறித்துவிட்டால், போன் தானே அமைதியாகி, தானே விழித்துக்கொள்ளும். ஆண்ட்ராய்டு போனில், ஒரே எண்ணிலிருந்து 15 நிமிடத்துக்குள் இரண்டாம் முறை அழைப்பு வந்தால் மட்டும் ஒலிக்கச் செய்யும் வசதியும் அதிலேயே உண்டு. அன்று இதை வைத்திருந்தால், அந்தச் சகோதரியின் இரண்டாவது அழைப்பே எனக்குக் கேட்டிருக்கும். தொழுகையில் ஒலித்தால் இடையூறுதானே என்பீர்கள். வீட்டில் நோயாளி இருப்பவர்களும், உதவி எண் வைத்திருப்பவர்களும் மட்டும் இதை வைத்தால் போதும். அவர்கள் கடைசி வரிசையில் நின்றுகொள்ளட்டும்.

இரண்டாவது, எழுத்துப் படிக்காத நம் தாய்மார்களுக்கு. போன் திரையில் வெற்றிடத்தை அழுத்திப் பிடித்தால் 'விட்ஜெட்' வரும். அதில் தொடர்புகளின் கீழ் 'டைரக்ட் டயல்' என்பதை எடுத்து மகனுடைய எண்ணை வையுங்கள். மகனின் முகம் திரையில் நிற்கும். தொட்டால் நேரே அழைப்பு போகும். தேட வேண்டாம், படிக்க வேண்டாம்.

மூன்றாவது, ஏரிக்கும் கடலுக்கும் போகிறவர்கள் வீட்டுக்கு. 108 ஆம்புலன்ஸ், 1554 கடலோரக் காவல்படை, இந்த இரண்டையும் அதே முறையில் திரையில் வையுங்கள். அலை, காற்று நிலவரத்தைத் தமிழில் தரும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆய்வு நிறுவனத்தின் 'ஃபிஷர் ஃப்ரெண்ட்' செயலியும் முதல் பக்கத்திலேயே இருக்கட்டும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலை நாம் யாரும் மறக்கவில்லை. புதிய ஆண்ட்ராய்டு போன்களில் 'எமர்ஜென்சி எஸ்.ஓ.எஸ்' வசதியை வைத்துவிட்டால், பவர் பட்டனை ஐந்து முறை அழுத்தினால் அவசர அழைப்பு போகும். விளையாட்டாக அழுத்திப் பார்க்காதீர்கள். 112-க்கு உண்மையாகவே அழைப்பு போய்விடும்.

நான்காவது, கடை வைத்திருப்பவர்களுக்கு. வாட்ஸ்அப் பிசினஸில் 'க்விக் ரிப்ளை' உண்டு. இறால், நண்டு விலையை ஒரு முறை எழுதி வைத்தால், சாய்கோடு போட்டு ஒரு சொல் தட்டினால் முழுச் செய்தியும் வந்துவிடும். மருத்துவ உதவிக்கு என்னென்ன நகல் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் இப்போது இப்படித்தான் பதில் அனுப்புகிறேன்.

ஓர் எச்சரிக்கை. எதைச் சுலபமாக்கினாலும் பணத்தின் கதவைச் சுலபமாக்காதீர்கள். பின் நம்பரைப் போனில் எழுதி வைக்காதீர்கள். கல்யாணப் பத்திரிகை என்று வாட்ஸ்அப்பில் வரும் ஏ.பி.கே கோப்பைத் திறக்காதீர்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல், உடனே 1930-க்குச் சொல்லுங்கள்.

பிள்ளைகளே, இன்றிரவே உங்கள் உம்மாவின் போனை வாங்கி, திரையில் உங்கள் முகத்தை வையுங்கள். வைத்துவிட்டு, அவரையே ஒரு முறை தொடச் சொல்லிப் பாருங்கள். அழைப்பு வந்தால் எடுங்கள். அதை மட்டும் எந்தப் போனும் உங்களுக்காகச் செய்யாது.