பாசிக்களியும் மரபிழையும்

 

முகவைக் கடற்கரையில் நின்று உயிரணுவைப் பற்றிப் பேச வந்திருக்கின்றேன். உயிரணு வெறுங்கண்ணுக்குத் தெரியாதது. அதனுள் உறையும் மரபிழையோ அதனினும் நுண்ணியது. அதனை அளந்தறிய இயற்பியல் கண்ட வழிகளுள் ஒன்று, இக்கடலில் விளையும் பாசியைக் கொண்டே நடைபெறுகின்றது. இதனை நம்முள் எத்துணைப் பேர் அறிவோம்?

பாம்பன், சின்னப்பாலம் முதலிய ஊர்களின் மகளிர், விரல்களில் துணி சுற்றிக்கொண்டு மூழ்கிப் பறித்துவரும் பாசிக்கு மரிக்கொழுந்து என்று பெயர். கஞ்சிப்பாசி என்பது இன்னொன்று. இத்தகு பாசிகளை வேகவைத்து வடித்தால் கிடைப்பது அகர். நோன்புக் காலத்தில் கீழக்கரை இல்லங்களில் செய்யும் கடற்பாசி இனிப்பு இப்பொருளே. கொதிநீரில் கரையும், ஆறினால் இறுகும், இறுகியபின் நம்மூர்க் கோடையிலும் உருகாது. மீண்டும் உருக்க ஏறத்தாழ 85 பாகை வெப்பம் வேண்டும்.

இந்த ஒரு பண்பே அறிவியலுலகைத் திருப்பியது. 1881-இல் செருமானியத்தில் இராபர்ட்டு கோக்கின் ஆய்வகத்தில், நுண்ணுயிர் வளர்க்கப் பயன்பட்ட ஊன்பசை வெப்பத்தில் உருகிப் பாழாயிற்று. அங்குப் பணியாற்றிய வால்தர் எசேயின் மனைவியார் பேனி எசே, தம் அடுக்களையிலிருந்த அகரை எடுத்துக்காட்டினார். அடுக்களையறிவு ஆய்வகம் ஏறிற்று!

அகரைத் தூய்மைப்படுத்திப் பெறுவது அகரோசு. அதன் களி ஒரு நுண்வலை. மரபிழை எதிர்மின்னேற்றம் உடையது. களியின் ஒரு முனையில் சிறு குழியிட்டு, மரபிழைத் துண்டுகளை அதிலிட்டு, மின்னைச் செலுத்தினால் அவை நேர்மின் முனை நோக்கி நகரும். குறுந்துண்டு வலைக்கண்களுள் நுழைந்து விரையும். நெடுந்துண்டு சிக்கித் திணறிப் பின்தங்கும். வலைவீசும் பரதவர்க்கு இதனை விளக்கவும் வேண்டுமோ? சிறிது நேரத்தில் துண்டுகள் நீள முறைப்படி வரிசையாக நிற்கும். இரண்டு உயிர்களின் வரிகளை அருகருகே வைத்து ஒப்பிட்டால், அவற்றின் உறவும் படிமலர்ச்சியில் அவை கிளை பிரிந்த வகையும் துலங்கத் தொடங்கும்.

1986-இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் கடல்சார் நாட்டுப் பூங்காவுள் அடங்கின. பாசி பறிக்கும் மகளிர் தடைக்கு உள்ளாயினர். பின்னர் அவர்களே திங்களுக்குப் பன்னிரண்டு நாள் என்று தம் தொழிலை வரையறுத்துக்கொண்டனர். சின்னப்பாலத்து இலக்குமி மூர்த்தி 2015-இல் சீகாலசி பரிசு பெற்றார்.

அம்மகளிரின் மகளொருத்தி கல்லூரிக்குச் சென்றால், தாய் பறித்த பாசியின் வேலையை ஆங்கிலத்தில் உருப்போடுகின்றாள். தமிழில் சொல் இல்லையாம்! களி இல்லையா? மின்னகர்ச்சி என்றால் விளங்காதா?

ஆயினும் பிறரை மட்டும் பழிப்பது முறையன்று. நாமும் சொல்லாக்கிப் பட்டியலிட்டதோடு அமைந்துவிட்டோம். அச்சொற்களைக் கொண்டு, ஒரு மாணவி தானே படித்து ஆய்வு செய்யத்தக்க நூல்கள் எத்தனை எழுதினோம்? 1901-இல் மதுரைத் தமிழ்ச்சங்கம் கண்ட பாண்டித்துரையார் பிறந்த மண் இது. இங்கு நின்று கேட்க எனக்கே நாணமாக உள்ளது.

அகரமுதலி செய்வோர் ஒருமுறை இக்கரைக்கு வரட்டும். பாசிகளின் பெயர்களைப் பாம்பன் மகளிரிடமும், களி இறுகும் பதங்களின் பெயர்களைக் கீழக்கரைத் தாய்மாரிடமும் கேட்டு எழுதிக்கொள்ளட்டும். நூலின் முதல் இயலை அங்கிருந்தே தொடங்கலாம்.