ஆளுக்கொரு விலை வேண்டாம்



அந்தக் காலத்தில் பெரிய கங்காணிமார் பலர் கடையும் வைத்திருந்தார்கள். நம் கடனை அறிந்தவர் கையிலேயே சாமான் விலையும் இருந்தது.

இன்று கொஸ்லந்தயிலிருந்து பஸ் ஏறிப் போய், பண்டாரவளை சுப்பர் மார்க்கெட்டில் விலைக்கழிவுக்காகத் தொலைபேசி இலக்கம் சொல்கிறோம். எந்தத் திகதியில் வருகிறோம், எத்தனை கிலோ மா வாங்குகிறோம் என்பதெல்லாம் பதிவாகிறது. அதை வைத்து ஆளுக்கொரு விலை போடவும் முடியும்.

அப்படிப் போட்டால் வாடிக்கையாளருக்கு அறிவிக்க வேண்டும் என்று நியூயோர்க்கில் 2025இல் சட்டம் வந்தது. இங்கே 2022ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை முழுமையாக நடைமுறைப்படுத்த வேண்டும். ஒரே சாமானுக்கு எல்லாருக்கும் ஒரே விலை. இதுவே நம் கோரிக்கை. கடன் கொப்பிக்காரருக்கும் அதே விலைதான்.

விலைப்பட்டியல் வைப்பது கடைக்காரர் கடமை. இல்லையென்றால் 1977க்கு அழைத்து நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையிடம் முறையிடுவோம்.