யார் அளந்த தண்ணீர்?

(சித்தூர் வட்டம் பெருமாட்டியில் நடந்த சங்கக் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நாம் இன்று கூடியிருக்கும் இந்தப் பெருமாட்டிப் பஞ்சாயத்தின் பெயர் உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்தது தண்ணீர் வழக்கால். பிளாச்சிமடா கொக்கோ கோலா கம்பெனியின் கதை இங்கே இருப்பவர்களுக்குப் புதிதல்ல. அந்தப் பந்தலில் மயிலம்மாவோடு உட்கார்ந்தவர்களின் பிள்ளைகள் இந்தக் கூட்டத்தில் இருக்கலாம். ஆகவே போராட்ட வரலாற்றை முதலிலிருந்து சொல்லி உங்கள் நேரத்தைக் கழிக்கப் போவதில்லை. அந்த வழக்கில் இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து விழுந்த எண்களைப் பற்றி மட்டும் பேச விரும்புகிறோம். எண் என்று வந்தவுடன் நம் மக்கள் வாயடைத்துப் போகிறார்கள். அதுதான் நமக்குள்ள கவலை.

இடுக்கித் தோட்டங்களிலிருந்து வந்திருக்கும் தாய்மார்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கொழுந்து நிறுக்கும்போது நீங்கள் தராசு முள்ளைப் பார்க்கிறீர்கள். சாக்குக்கு எவ்வளவு கழித்தாய், ஈரத்துக்கு எவ்வளவு கழித்தாய் என்று கேட்கிறீர்கள். "சரியாகத்தான் போட்டிருக்கிறேன்" என்று கணக்கப்பிள்ளை சொன்னதும் நம்பிப் போய்விடுவதில்லை. ஆனால் அதே நாம், முத்திரை குத்திய தாளில், மலையாளத்திலோ இங்கிலீஷிலோ, புள்ளி வைத்து இரண்டு தசமம் வரை ஒரு கணக்கு வந்தால் "படித்தவர்கள் சொன்னது" என்று ஒதுங்கிக் கொள்கிறோம். அந்தத் தாளுக்கும் ஒரு தராசு உண்டு, அதற்கும் ஒரு கழிவு உண்டு என்று நினைப்பதில்லை.

நடந்ததைச் சுருக்கமாகப் பார்ப்போம். 2000 ஜனவரியில் பஞ்சாயத்து லைசன்ஸ் கொடுத்தது. மார்ச்சில் உற்பத்தி தொடங்கியது. சுமார் 34 ஏக்கர் நிலம், அதில் ஆறு போர்வெல். இரண்டே ஆண்டில் சுற்றுப்புறக் குடியிருப்புகளில் கிணறு வற்றியது. வற்றாத கிணற்றில் தண்ணீர் கெட்டது. 2002 ஏப்ரல் 22-ஆம் தேதி எரவாளர், மலசர் மக்கள் கம்பெனி வாசலில் உட்கார்ந்தார்கள். 2003 ஏப்ரலில் பஞ்சாயத்து லைசன்ஸைப் புதுப்பிக்க மறுத்தது. 2004 மார்ச்சில் ஆலை நின்றது. நிலத்தடி நீர் மக்களின் பொதுச் சொத்து, அரசு அதற்குக் காவலாள் மட்டுமே என்று 2003 டிசம்பர் 16-இல் உயர்நீதிமன்றத்தின் ஒற்றை நீதிபதி தீர்ப்புச் சொன்னார். 2005 ஏப்ரலில் இரண்டு நீதிபதிகள் கொண்ட அமர்வு, நாளொன்றுக்கு 5 லட்சம் லிட்டர் எடுக்கலாம் என்றது. கோழிக்கோட்டிலுள்ள நீர்வள ஆராய்ச்சி மையத்தின் ஆய்வையொட்டி வந்த எண் அது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 2017-இல், அங்கே ஆலையைத் திரும்பத் திறக்கும் எண்ணம் இல்லை என்று கம்பெனியே சொல்லிவிட்டது.

அந்த 5 லட்சத்தை எடுத்துக்கொள்வோம். கேட்டால் ஒரு அளவுபோலவும் இருக்கிறது, ஒன்றும் விளங்காமலும் இருக்கிறது. ஆளுக்கு 50 லிட்டர் என்று வைத்தால் 10,000 பேர் குளித்துச் சமைத்துக் குடிக்கும் தண்ணீர். ஆண்டுக்கு 18 கோடியே 25 லட்சம் லிட்டர். இனி மழைக்கணக்குக்கு வாருங்கள். ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது சுமார் 4,047 லிட்டர். 34 ஏக்கரில் 1,37,600 லிட்டர். அப்படியானால் ஆண்டு முழுக்க எடுக்கும் தண்ணீரை அந்த 34 ஏக்கர் நிலமே தர வேண்டுமென்றால், ஏறக்குறைய 1,326 மில்லிமீட்டர் மழை பெய்து, ஒரு சொட்டுகூட ஓடாமல், வெயிலில் காயாமல், செடி குடிக்காமல், அத்தனையும் பூமிக்குள் இறங்கியாக வேண்டும். பாறை நிலத்தில் பெய்ததில் சுமார் பத்தில் ஒரு பங்கு இறங்கினால் அதுவே பெரிது. ஆக அந்த 5 லட்சம் லிட்டருக்கு 34 ஏக்கர் போதாது. 300 ஏக்கருக்கு மேல் வேண்டும். மீதி நிலம் யாருடையது? வேலிக்கு வெளியே இருக்கிற நம் நிலம்தான்!

இந்தக் கணக்குக்கு எந்த ஆராய்ச்சி மையமும் தேவையில்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளை போடும். "என் நிலத்தில் நான் போர் போட்டேன், உனக்கென்ன?" என்ற வாதத்தை இந்த ஒரு பெருக்கல் எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது பாருங்கள்.

அந்த எண்ணுக்கு ஒரு நிபந்தனையும் இருந்தது: சராசரி மழை பெய்யும் ஆண்டில். சராசரி என்ற சொல்லை நாம் சற்று நிறுத்தி விசாரிக்க வேண்டும். கேரளத்தின் சராசரி மழை ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் என்று பாடப் புத்தகத்தில் போட்டிருப்பார்கள். சித்தூரின் கிழக்குப் பகுதி மழை மறைவுப் பகுதி. அதில் பாதியைக்கூட இங்கே காண்பது அரிது. மூணாற்றில் குடை பிடிப்பவனுடைய மழையையும் இங்கே ஏரியைப் பார்த்துக்கொண்டு நிற்பவனுடைய மழையையும் கூட்டி இரண்டால் வகுத்தால் வருவது இருவருடைய மழையும் அல்ல.

நம் பக்கத்துக் கணக்கையும் அதே தராசில் வைக்க வேண்டும். கம்பெனி 15 லட்சம் லிட்டர் எடுத்தது என்று மேடையில் சொல்லி வந்தோம். அது எங்கிருந்து வந்தது? அந்நாளில் வெளிவந்த அறிக்கைகளில் ஒரு லாரிக் கணக்கு உண்டு: நாளொன்றுக்கு 85 லாரி, லாரிக்கு 550 முதல் 600 பெட்டி, பெட்டிக்கு 24 பாட்டில், பாட்டிலுக்கு 300 மில்லி. பெருக்கினால் பாட்டிலுக்குள் போனது மட்டும் 3 லட்சத்து 36 ஆயிரம் லிட்டருக்குக் குறையாது. பாட்டில் கழுவ, இயந்திரம் கழுவ வேறு தண்ணீர் வேண்டும். ஒரு லிட்டர் பானத்துக்கு 2.7 லிட்டர் தண்ணீர் என்பது 2004-இல் அந்தக் கம்பெனியின் உலக அளவிலான சராசரி. அதை வைத்தாலே 9 லட்சம் லிட்டர் வருகிறது. அவர்கள் சொன்ன 5 லட்சம் இடிக்கிறது அல்லவா?

ஆனால் நாம் கை தட்டிவிட்டு உட்கார்ந்துவிடக் கூடாது. 85 லாரி எல்லா நாளுமா? சித்திரை வெயிலில் போகும் சரக்கும் ஆடி மழையில் போகும் சரக்கும் ஒன்றா? ஆண்டுச் சராசரி 47 லாரி என்று வந்துவிட்டால் அவர்கள் சொன்ன 5 லட்சமே சரி என்றாகிவிடும். அன்று வாசலில் பந்தல் இருந்தது, இரவும் பகலும் ஆள் இருந்தது. நாள்தோறும் எத்தனை லாரி வெளியே போயிற்று என்று எழுதிய ஒரு நாற்பது பக்க நோட்டு இருந்திருந்தால், 15 லட்சமா 5 லட்சமா என்ற சண்டைக்கு அதுவே சாட்சியாகியிருக்கும். உரத்த குரலில் சொன்ன எண் பந்தலில் எடுபடும். நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் அதை ஊதித் தள்ளிவிடுவார்.

அடுத்தது அந்தக் கழிவுச் சேறு. உரம் என்று சொல்லி வண்டி வண்டியாக விவசாயிகளுக்குக் கொடுத்தார்கள். இனாம் அல்லவா, வாங்கிப் போட்டார்கள். 2003 ஜூலையில் பி.பி.சி. வானொலிக்காரர்கள் அதை எடுத்துப் போய் இங்கிலாந்தில் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தில் சோதித்தார்கள். ஈயமும் காட்மியமும் இருப்பதாக வெளியிட்டார்கள். ஆகஸ்டில் கேரள மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், காட்மியம் சட்ட வரம்பைப்போல் நான்கு மடங்கு என்றது. சில வாரம் கழித்து அதே வாரியம், வேறு சோதனையில், வரம்புக்குள்தான் இருக்கிறது என்றது! ஜனங்கள் தலை சுற்றிப் போனார்கள். ஒருவர் பொய் சொல்கிறார் என்று முடிவு கட்டுவது எளிது. அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் இருக்கின்றன. எந்தக் குவியலிலிருந்து எடுத்தார்கள்? எந்த மாதத்துச் சேறு? எத்தனை இடத்தில் அள்ளினார்கள்? அள்ளும்போது நம் ஆள் யாராவது பக்கத்தில் நின்றாரா?

இதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: எதற்கான வரம்பு? வாரியம் வைத்துப் பார்த்தது கிலோவுக்கு 50 மில்லிகிராம் என்ற வரம்பு. ஒரு கழிவு ஆபத்தான கழிவா இல்லையா என்று பிரிப்பதற்கு ஏற்பட்ட வரம்பு அது. ஆனால் மக்களுக்குக் கொடுத்தது உரம் என்று சொல்லித்தானே? 2000-ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகளில் கம்போஸ்ட் உரத்துக்கு வைத்த காட்மிய வரம்பு கிலோவுக்கு 5 மில்லிகிராம். பத்தில் ஒன்று. "வரம்புக்குள் இருக்கிறது" என்பது பொய்யில்லாமலே இருக்கலாம். வேறு வாசலின் உயரத்தை அளந்து காட்டி இந்த வாசலில் தலை இடிக்காது என்று சொன்னது போலத்தான் அது.

கிணற்றுத் தண்ணீரைப் பற்றி முதலில் கண்டு சொன்னவர்கள் பெண்கள். பருப்பு வேகவில்லை, சோப்பு நுரைக்கவில்லை, குளித்தால் உடம்பு அரிக்கிறது என்றார்கள். பொம்பளைப் பேச்சு என்று சிரித்தவர்கள் உண்டு. சோப்பு நுரைக்கவில்லை என்பது என்ன? தண்ணீரில் சுண்ணாம்பும் மக்னீசியமும் ஏறிவிட்டது என்பதற்கு உலகத்திலேயே பழைய சோதனை அதுதான். 2002-இல் சென்னையிலுள்ள ஒரு சோதனைக்கூடம் பார்த்துச் சொன்னதும் அதுவே: உப்பும் கடினமும் மிகுதி, குடிக்க, குளிக்க, துவைக்க ஆகாது. அடுக்களையில் கண்டதும் சோதனைக்கூடத்தில் கண்டதும் ஒரே உண்மை. தேதி போட்டு எழுதி வைத்திருந்தது சோதனைக்கூடம் மட்டும்.

இங்கே ஒரு எதிர்வாதத்தையும் மறைக்கக் கூடாது. அந்த ஆண்டுகளில் மழை பொய்த்தது, கிணறு வற்றியது அதனால்தான் என்று கம்பெனி சொன்னது. மழை குறைந்தது உண்மையே. அப்படியானால் என்ன பார்க்க வேண்டும்? ஆலைக்கு அருகிலுள்ள கிணறும் ஐந்தாறு மைல் தள்ளி, அதே மாதிரி நிலத்தில் உள்ள கிணறும் ஒன்றாக வற்றினவா? தண்ணீரின் குணம் இரண்டிலும் ஒன்றுபோல் கெட்டதா? மழையின்மை எல்லாக் கிணற்றையும் தொடும். வேலியைப் பார்த்துத் தொடாது. இந்த ஒப்பீட்டுக்கு ஆலை வருவதற்கு முந்தைய அளவு வேண்டும். 2000-க்கு முன் நம் கிணற்றில் எத்தனை அடி தண்ணீர் நின்றது என்று எழுத்தில் வைத்திருந்தவர் கையைத் தூக்குங்கள் என்றால் எத்தனை கை எழும்?

இது நமக்கு மட்டும் நேர்ந்ததல்ல. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் ஃபிளின்ட் என்று ஒரு தொழிலாளர் நகரம். கறுப்பின மக்கள் மிகுதியாக வாழும் ஊர். செலவைக் குறைக்க 2014 ஏப்ரலில் ஊர்த் தண்ணீரை ஆற்றுக்கு மாற்றினார்கள். தண்ணீர் நிறம் மாறியது, குழந்தைகளுக்குத் தடிப்பு வந்தது. தாய்மார்கள் பாட்டிலில் பிடித்துக் கொண்டுபோய்க் காட்டினார்கள். தண்ணீர் நல்ல தண்ணீர்தான் என்று அதிகாரிகள் அறிக்கை கொடுத்தார்கள். பிறகு அந்த அறிக்கையைக் கிளறிப் பார்த்தபோது என்ன தெரிந்தது? 71 வீட்டு மாதிரிகளில் இரண்டைக் கழித்துவிட்டார்கள். ஈயம் மிகுந்திருந்த இரண்டு! அந்த இரண்டும் போனதால் ஊர்க் கணக்கு, நூறு கோடியில் 15 பங்கு என்ற எல்லைக்குக் கீழே இறங்கியது. 2015 செப்டம்பரில் மோனா ஹன்னா அட்டீஷா என்ற குழந்தை மருத்துவர், ஆஸ்பத்திரியில் ஏற்கெனவே இருந்த ரத்தப் பரிசோதனைப் பதிவுகளை எடுத்து, தண்ணீர் மாறுவதற்கு முன் எத்தனை, பின் எத்தனை என்று பிரித்துப் பார்த்தார். ரத்தத்தில் ஈயம் மிகுந்த குழந்தைகள் நூற்றுக்கு 2.4 ஆக இருந்தது 4.9 ஆகியிருந்தது. அடுத்த மாதமே பழைய தண்ணீருக்குத் திரும்பினார்கள். அங்கே முந்தைய பதிவு இருந்தது. அது கைகொடுத்தது.

இங்கே என்ன ஆயிற்று? 2010-இல் அரசு அமைத்த உயர்மட்டக் குழு, நஷ்டம் 216 கோடியே 26 லட்சம் ரூபாய் என்று கணித்தது. 2011 பிப்ரவரியில் இழப்பீட்டுக்கான தீர்ப்பாய மசோதாவைச் சட்டசபை நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை. சட்டம் உயிர் பெறவில்லை. 216 கோடி என்பது இன்றும் ஒரு தாளில் உள்ள எண்ணாகவே நிற்கிறது.

2025 ஜனவரியில், நம் மாவட்டத்திலேயே எலப்புள்ளியில் ஒரு மது உற்பத்தி ஆலைக்கு மாநில அரசு முதல் அனுமதி தந்தபோது மறுபடியும் தண்ணீர்க் கேள்வி எழுந்தது. மழைநீரைச் சேகரிப்போம் என்பது அப்போது கேட்ட பதில்களில் ஒன்று. நல்லது. எத்தனை ஏக்கர், எத்தனை மில்லிமீட்டர், ஏக்கருக்கு 4,047 லிட்டர் வீதம் எவ்வளவு வரும், ஆலைக்கு எவ்வளவு வேண்டும் என்று பென்சிலை எடுத்துப் போட்டுப் பார்க்கலாம். ஆதரிப்பவரும் போடட்டும், எதிர்ப்பவரும் போடட்டும்.

தாள் நமக்குப் புரியாத மொழியில் வருகிறது என்பது பெரிய தடைதான். ஆனால் 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் இடம் தருகிறது. 2005-இன் தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டி அறிக்கையின் நகலைக் கேட்கலாம்; வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளவர்களுக்கு அந்தப் பத்து ரூபாயும் வேண்டாம். முப்பது நாளில் பதில் வர வேண்டும். அரசு அலுவலகத்தின் கையிலுள்ள பொருளின் சான்றிட்ட மாதிரியைக்கூட அந்தச் சட்டப்படி கேட்டு வாங்கலாம் என்பது பலருக்குத் தெரியாது.

சங்கத்தின் சார்பில் ஒரு வேலையை முன்வைக்கிறோம். ஒவ்வொரு குடியிருப்பிலும் இரண்டு கிணறு. எவை என்பதைப் பெண்கள் முடிவு செய்யட்டும். தோட்டத்து லயங்களில் கிணறு இல்லையென்றால் ஊற்று. ஒரு அடிக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிறு, நுனியில் ஒரு கல். மாதம் ஒரு நாள், காலையில், யாரும் தண்ணீர் இறைப்பதற்கு முன் அளக்க வேண்டும். தேதி, அளந்தவர் பெயர், தண்ணீர் எத்தனை முடிச்சு ஆழத்தில், சோப்பு நுரைத்ததா, பருப்பு வெந்ததா என்று பள்ளிக்கூடம் போகும் பிள்ளை தமிழில் எழுதட்டும். அளக்காத மாதத்தில் "அளக்கவில்லை" என்று எழுதட்டும். குத்துமதிப்பாக ஒன்றைப் போட வேண்டாம். மழைக்கு, நேர்ச்சுவர் உள்ள ஒரு டப்பாவும் ஒரு ஸ்கேலும் போதும். நோட்டுகள் பின்வரிசை மேசையில் இருக்கின்றன. கூட்டம் முடிந்ததும் குடியிருப்புக்கு ஒன்றாக வாங்கிக்கொண்டு, பொறுப்பாளர் பெயரைச் சொல்லிவிட்டுப் போகுமாறு கேட்டுக்கொள்கிறோம். முதல் அளவு கார்த்திகை முதல் ஞாயிறு.