மோட்டார் பெட்டியின் ரீசெட் பொத்தான்

மேல்தொட்டி மோட்டாரை இயக்கும் பெட்டியில் இருப்பது இ.எஸ்.பி. 8266 சிப். போன மாதம் கேபிள் வழியாக அதில் புது மென்பொருள் ஏற்றினோம். பகலெல்லாம் ஓடியது. இரவு அது தானாக ரீஸ்டார்ட் ஆகும் நேரத்தில் நின்றுவிட்டது. காலையில் குழாயில் தண்ணீர் இல்லை. பக்கெட்டோடு கீழே வந்தவர்கள் மன்னிக்கவும்.

மென்பொருள் ஏற்ற, ஜி.பி.ஐ.ஓ. 0 பின்னை கிரவுண்டோடு சேர்த்து சிப்பை ஆன் செய்வோம். முடிந்ததும் கையால் ரீசெட் அழுத்தாவிட்டால், அடுத்து தானாக ரீஸ்டார்ட் ஆகும்போது சிப் பழையபடி ஏற்றும் நிலைக்கே போய்க் காத்து நிற்கும். எங்கள் தவறு அதுதான்.

இனி ஜம்பரைக் கழற்றி, ரீசெட்டை ஒருமுறை அழுத்தி, ரீஸ்டார்ட் ஆகிறதா என்று பார்த்த பிறகே பெட்டியை மூடுவோம். மறுபடி நின்றால் வாட்ச்மேனிடம் சொல்லுங்கள். கையால் போடும் சுவிட்ச் பக்கத்திலேயே இருக்கிறது.